வரைபடம் இல்லாத அறையில் ரோபோ: முட்டாமல் வழி கண்டுபிடிக்கச் செய்வது எப்படி?

ஒரு சாதாரண வீட்டுக் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு சோபா, அதன் முன்னால் ஒரு டீப்பாய், மூலையில் தண்ணீர்க் குடம், வாசலில் செருப்புகள், ஜன்னலில் தரையைத் தொடும் திரைச்சீலை. இதற்குள் ஒரு சின்ன ரோபோவை இறக்கிவிட்டு, "இங்கிருந்து 4 மீட்டர் நேரே, 2 மீட்டர் இடப்பக்கம், அங்கே போய் நில்" என்று மட்டும் சொல்கிறோம். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நேற்று இருந்த நாற்காலி இன்று இடம் மாறியிருக்கும். நடுவில் யாராவது குறுக்கே நடப்பார்கள். இத்தனைக்கும் நடுவே எதிலும் முட்டாமல் அது போய்ச் சேர வேண்டும்.

கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் ரோபோவைச் செய்துவிட்டு இங்கே வருகிறவர்கள்தான் அதிகம். அங்கே வழி நாம் வரைந்து கொடுத்தது. இங்கே வழியே கிடையாது, ரோபோ போகப் போகத்தான் அது உருவாகும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அல்காரிதத்தில் தொடங்குகிறார்கள். சிமுலேட்டரில் ரோபோ அழகாக வளைந்து வளைந்து போகும். தரையில் விட்டால் முதல் நாற்காலிக் காலிலேயே மோதும். உடனே நிரலைத் திருத்த உட்கார்ந்துவிடுவார்கள். பல மாணவர்களோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்து பார்த்த பிறகு நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் சென்சாரை அளந்து பாருங்கள். சென்சார் தருவது தூரத்தைப் பற்றிய ஒரு சாட்சியம். அந்தச் சாட்சி எந்தப் பொருளுக்கு முன்னால், எந்தக் கோணத்தில் தடுமாறும் என்று தெரிந்துகொண்டவருக்கு மீதி வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

1. வண்டி

இரண்டு சக்கரம், இரண்டு மோட்டார், தாங்குவதற்கு எந்தப் பக்கமும் உருளும் ஒரு காஸ்டர் உருளை. இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்றினால் நேராகப் போகும், எதிரெதிராகச் சுற்றினால் நின்ற இடத்திலேயே திரும்பும். கற்றுக்கொள்ள இதைவிட எளிய அமைப்பு கிடையாது.

உடல் வட்டமாக இருக்கட்டும், சக்கரங்களின் அச்சு வட்டத்தின் நடுவில் வரட்டும். இது அழகுக்காகச் சொல்வதில்லை. வட்ட உடல் நின்ற இடத்தில் திரும்பும்போது புதிதாக எந்த இடத்தையும் தொடாது. சதுர உடலின் மூலை, பக்கத்தைவிட 1.4 மடங்கு தள்ளி இருக்கிறது. குறுகிய இடத்தில் நுழைந்த சதுர ரோபோ திரும்பப் பார்த்தால் மூலை இடிக்கும். பின்னால் வழி தேடும் கணக்கும் வட்டத்துக்கு மிக எளிது. 20 செ.மீ. விட்டம் வீட்டுக்குச் சரியான அளவு.

மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கியர் மோட்டார்தான் எல்லாக் கடையிலும் கிடைக்கும். அதை வைத்துத் தொடங்கலாம், ஆனால் முடிந்தால் என்கோடர் (சுற்றுகளை எண்ணும் கருவி) பொருத்தப்பட்ட உலோக கியர் மோட்டாராகவே வாங்கிவிடுங்கள். ஏன் என்று 5-ஆம் படியில் வரும். போர்டின் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் தரும் மோட்டார் டிரைவரில் எல்298 பழையது. அதற்குள்ளேயே ஏறக்குறைய 2 வோல்ட் வீணாகிவிடும். 7.4 வோல்ட் பேட்டரி வைத்தால் மோட்டாருக்கு ஐந்தரை வோல்ட் அளவில்தான் போய்ச் சேரும். டி.பி.6612 வகை டிரைவர் இந்த அளவு மோட்டாருக்கு நன்றாகப் போதும்.

மூளைக்கு, நிரலை ஓட்டும் ஈ.எஸ்.பி.32 என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் மின்சாரத்தைச் சட்டென்று இழுக்கும். அப்போது வோல்டேஜ் இறங்கி போர்டு ரீசெட் ஆகும். "நிரல் நடுவில் தானாக முதலிலிருந்து ஓடுகிறது" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். போர்டுக்கு வோல்டேஜை நிலையாக வைக்கும் தனி ரெகுலேட்டர் வைத்து, கிரவுண்டு வயரை மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாக இணையுங்கள்.

2. சென்சார்களை அளப்பது

இந்தப் படிக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

எல்லோரும் முதலில் வாங்குவது ஹெச்.சி.எஸ்.ஆர்.04 என்ற அல்ட்ராசோனிக் சென்சார், இரண்டு கண் போல இருக்குமே, அதுதான். ஒரு கண் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும், மற்றது எதிரொலியைக் கேட்கும். போய் வந்த நேரத்தை மைக்ரோ செகண்டில் எடுத்து 58-ஆல் வகுத்தால் செ.மீ. கிடைக்கும். 2 செ.மீ. முதல் 4 மீட்டர் வரை அளக்கும் என்று அதன் தகவல் தாளில் இருக்கும். எதிரொலி நேரத்தைத் தரும் எக்கோ பின்னிலிருந்து (இணைப்புக் கம்பியிலிருந்து) வருவது 5 வோல்ட். ஈ.எஸ்.பி.32-இன் பின் 3.3 வோல்ட்டுக்கு உரியது. நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் வோல்டேஜைக் குறைத்துக் கொடுங்கள்.

இப்போது தரையில் 10 செ.மீ.க்கு ஒன்றாக ஒன்றரை மீட்டர் வரை டேப் ஒட்டுங்கள். சுவர், நாற்காலிக் கால், திரைச்சீலை, எவர்சில்வர் குடம், வேட்டி அல்லது சேலை கட்டியவரின் கால் என்று ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு தூரத்தில் வைத்து 20 முறை அளங்கள். நோட்டில் அட்டவணை போட்டு, மிகக் குறைந்த எண், மிக அதிக எண், எத்தனை முறை எதிரொலியே வரவில்லை என்று மூன்றையும் எழுதுங்கள்.

சுவருக்கு நேராக வைத்தால் எண்கள் அச்சடித்தது போல வரும். அதைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. அதே சுவரை 45 டிகிரி சாய்வாகப் பார்க்க வையுங்கள். கேரம் போர்டில் காய் பட்டுத் தெறிப்பது போல ஒலி வேறு பக்கம் போய்விடும். சென்சாருக்கு ஒன்றுமே திரும்பி வராது. ஈ.எஸ்.பி.32-க்கும் நிரல் எழுதப் பயன்படும் ஆர்டுயினோ மென்பொருளின் வழக்கமான பல்ஸ் அளக்கும் கட்டளையில் காத்திருக்கும் நேரம் முடிந்துவிட்டால் விடை 0 என்று வரும். இந்த 0-ஐ "தடை 0 செ.மீ.யில் இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டால் ரோபோ வெறும் இடத்தில் நின்று தவிக்கும். "தடையே இல்லை" என்று எடுத்துக்கொண்டால் சாய்வாகப் போய்ச் சுவரில் உரசும். இரண்டுமே தவறு. அந்த 0-க்குப் பொருள் "தெரியாது" என்பது. நிரலில் அதற்கென்று தனியாக ஓர் இடம் கொடுங்கள்.

திரைச்சீலைதான் பெரிய பாடம். ஒருமுறை ஒரு மாணவியும் நானும் கூடத்தில் உட்கார்ந்து இந்த அட்டவணையை நிரப்பிக்கொண்டிருந்தோம். 80 செ.மீ.யில் தடித்த பருத்தித் திரை. 20 முறையில் பாதிக்கு மேல் எதிரொலியே வரவில்லை. மடிப்பு விழுந்த துணி ஒலியைக் குடித்துவிடுகிறது. அவர் திரையை இழுத்து மடிப்பில்லாமல் விரித்துப் பிடித்தார். உடனே எண்கள் வரத் தொடங்கின. முந்தின வாரம் முழுக்க ரோபோ அந்த ஜன்னல் பக்கம் மட்டும் போய்ச் சிக்கிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. அந்த வாரம் முழுக்க அவர் திருத்திக்கொண்டிருந்தது மோட்டார் வேகத்தை.

நாற்காலிக் கால் வேறு விதம். மெல்லிய உருளையிலிருந்து சிறிதளவு ஒலிதான் திரும்பும், அதனால் மிக அருகில் வந்த பிறகே தெரியும். அப்புறம், அல்ட்ராசோனிக் பார்ப்பது ஒரு கூம்பு வடிவத்தில். 15 டிகிரி விரிவு என்று வைத்தாலே 1 மீட்டர் தூரத்தில் 26 செ.மீ. அகலம் வருகிறது. அந்த அகலத்துக்குள் பொருள் எங்கே இருக்கிறது என்று சென்சார் சொல்லாது, தூரத்தை மட்டுமே சொல்லும்.

வெப்பநிலையும் சேரும். 58 என்ற எண் ஏறக்குறைய 20 டிகிரி அறைக்கு உரியது. மே மாதம் 38 டிகிரியில் ஒலி இன்னும் வேகமாகப் போகும், 2 மீட்டர் தூரம் 194 செ.மீ. அளவில் காட்டும். தடை இருப்பதைவிட அருகில் தெரிவதால் ஆபத்தில்லை. ஊட்டிக் குளிரில் நேர் எதிர்.

இன்னொன்று. இரண்டு மூன்று சென்சாரை ஒரே நேரத்தில் இயக்கினால் ஒன்றின் ஒலியை மற்றொன்று தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 60 மில்லி செகண்ட் இடைவெளி விடுங்கள். மூன்று சென்சார் என்றால் ஒரு சுற்றுக்கு 180 மில்லி செகண்ட். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

அளவுகளைச் சுத்தம் செய்யச் சராசரி எடுக்காதீர்கள். 42, 43, 41, 310, 42 என்று ஐந்து அளவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 96-க்குப் போய்விடும். வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுத்தால் 42. ஒரே ஒரு பொய், நடு எண்ணை அசைக்க முடியாது.

அல்ட்ராசோனிக் தடுமாறும் இடத்தில் ஒளி சென்சார் உதவும். ஷார்ப் நிறுவனத்தின் ஜி.பி.2ஒய்0ஏ21 என்ற இன்ஃப்ராரெட் சென்சார் 10 முதல் 80 செ.மீ. வரை அளக்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. பொருள் 10 செ.மீ.க்கும் கீழே நெருங்கினால் வோல்டேஜ் ஏறாமல் இறங்கத் தொடங்கும். 5 செ.மீ.யில் இருப்பது தள்ளி இருப்பது போலத் தெரியும். அதனால் இந்தச் சென்சாரை ரோபோவின் முன் விளிம்பில் வைக்காமல் 10 செ.மீ. உள்ளே தள்ளிப் பொருத்துங்கள். அந்தப் பொய் சொல்லும் பகுதி ரோபோவின் உடலுக்குள்ளேயே அடங்கிவிடும். வி.எல்.53எல்0எக்ஸ் என்ற குட்டி லேசர் சென்சார் இன்னும் நல்லது, 2 மீட்டர் வரை பார்க்கும். போர்டு ஒவ்வொரு சென்சாரையும் ஒரு முகவரி எண்ணால்தான் அழைக்கும்; எல்லாம் ஒரே முகவரியோடு வருவதால், சென்சாரைத் தூங்க வைக்கும் ஷட்டவுன் பின்னைக் கொண்டு ஒவ்வொன்றாக எழுப்பிப் புது முகவரி கொடுக்க வேண்டும். நேர் வெயில் விழும் இடத்தில் இந்த ஒளி சென்சார்கள் எல்லாமே தடுமாறும்.

பணம் இருந்தால், லேசர் ஒளியால் தூரம் அளக்கும் சுழலும் லைடார். ஆர்.பி.லைடார் ஏ1 போன்றவை 360 டிகிரியும் சுற்றிப் பார்த்து 12 மீட்டர் வரை தூரம் தரும். ஆனால் அது பார்ப்பது ஒரே ஒரு கிடைத்தளத்தை. 15 செ.மீ. உயரத்தில் பொருத்தினால், தரையில் கிடக்கும் செருப்பு தெரியாது. கட்டிலின் நான்கு கால்கள் தெரியும், ரோபோவின் தலையில் இடிக்கப்போகும் குறுக்குச் சட்டம் தெரியாது. கண்ணாடிக் கதவு வழியாக ஒளி போய்விடும்.

அதனால் எவ்வளவு விலை உயர்ந்த சென்சார் வைத்தாலும் முன்பக்கம் ஒரு வளைந்த பம்பரும் அதன் பின்னால் அழுத்தினால் செயல்படும் இரண்டு லிமிட் ஸ்விட்சும் வையுங்கள். தொட்டால் தொட்டது, தொடாவிட்டால் தொடவில்லை. மாடி வீடு என்றால் கீழே பார்க்கும் இன்ஃப்ராரெட் ஒன்றும் கட்டாயம். படிக்கட்டின் விளிம்பை வேறு எதுவும் காட்டிக்கொடுக்காது.

3. முதலில் நிற்கக் கற்றுக்கொடுங்கள்

போவதற்கு முன் நிற்பது. ரோபோ வினாடிக்கு 30 செ.மீ. போகிறது என்று கொள்வோம். ஒரு சென்சார் சுற்றுக்கு 180 மில்லி செகண்ட். கடைசி மூன்று அளவில் நடு எண்ணை எடுக்கிறீர்கள் என்றால், புதிதாக வந்த தடை இரண்டு சுற்று கழித்துத்தான் நடு எண்ணில் தெரியும். அதற்குள் 360 மில்லி செகண்ட் ஓடிவிடும், ரோபோ 11 செ.மீ. நகர்ந்துவிடும். மோட்டாரை நிறுத்திய பிறகும் கொஞ்சம் வழுக்கிப் போகும். அதை அளந்து பாருங்கள், 4 செ.மீ. என்று வந்தால் மொத்தம் 15. மேலே 5 செ.மீ. சேர்த்து 20 செ.மீ.யில் நிறுத்து என்று எழுதுங்கள். இந்த எண்ணை எங்கிருந்தோ பார்த்து எழுதாமல் இப்படிக் கணக்குப் போட்டு எழுதுவதுதான் முக்கியம்.

இதையே திருப்பிப் பார்த்தால் வேகத்துக்கு விதி கிடைக்கும். இரவில் மலைப்பாதையில் ஹெட்லைட் எட்டும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில்தானே வண்டி ஓட்டுவோம்? நாற்காலிக் கால் 35 செ.மீ.யில்தான் தெரிகிறது என்று உங்கள் அட்டவணை சொன்னால், ரோபோவின் வேகத்தைத் தீர்மானிப்பது அந்த 35. தகவல் தாளில் இருக்கும் 4 மீட்டரைப் பார்த்து வேகம் வைத்தால் கட்டாயம் மோதும்.

4. தடையைப் பார்த்து விலகுதல்

முன்னால் தடை என்றால் இடது, வலது இரண்டில் எந்தப் பக்கம் வெளி அதிகமோ அங்கே திரும்பு. பத்து வரி நிரல். இந்த வகை எளிய எதிர்வினையை வைத்தே 1940-களின் கடைசியில் பிரிஸ்டலில் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் எல்மர், எல்சி என்று இரண்டு ஆமை ரோபோக்களைச் செய்தார். ஒளியைத் தேடிப் போய், முட்டினால் விலகி, தாமாகவே திரிந்தன. கம்ப்யூட்டர் எதுவும் அவற்றில் இல்லை, பழைய ரேடியோவில் இருந்த கண்ணாடி வால்வுகள்தான்.

இந்தப் பத்து வரியோடு மூலையில் போய் மாட்டினால் ரோபோ இடம், வலம், இடம், வலம் என்று ஆடிக்கொண்டே இருக்கும். இடப்பக்கம் கொஞ்சம் திரும்பியதும் வலப்பக்கம் வெளியாகத் தெரியும், வலப்பக்கம் திரும்பியதும் இடப்பக்கம். இதற்கு இரண்டு மருந்து. ஒருமுறை ஒரு பக்கம் திரும்ப முடிவெடுத்தால், முன்பக்கம் முழுக்கத் திறக்கும்வரை அந்த முடிவை மாற்றக் கூடாது. அடுத்து, நிற்பது 20 செ.மீ.யில் என்றால் மறுபடி கிளம்புவது 30 செ.மீ. வெளி கிடைத்த பிறகுதான். அப்படியும் வழி இல்லையா, வந்த வழியே ஓரடி பின்வாங்கித் திரும்பட்டும்.

பின்வாங்குவதை அவமானமாக நினைத்து எழுதாமல் விடுகிறார்கள். 2023 ஆகஸ்ட் 27 அன்று சந்திரயான்-3-இன் பிரக்யான் ஊர்தி, 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் விட்டமுள்ள ஒரு பள்ளத்தை எதிர்கொண்டது. வந்த வழியே திரும்பும்படி தரையிலிருந்து ஆணை போனது, வேறு பாதையில் அது தொடர்ந்தது. நிலவில் ஊர்ந்த வண்டிக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

இந்தப் படியில் ஓர் எல்.இ.டி. பொருத்திவிடுங்கள். இலக்கை நோக்கிப் போனால் பச்சை, சுவரை ஒட்டிப் போனால் நீலம், நின்றாலோ பின்வாங்கினாலோ சிவப்பு. ஓடும்போது போனில் வீடியோ எடுத்தால், ரோபோ அந்த நொடியில் என்ன நினைத்துக்கொண்டிருந்தது என்று நிறமே சொல்லிவிடும். எனக்கு இதுவரை கிடைத்த கருவிகளில் மிகப் பயனுள்ளது இந்தச் சின்ன விளக்குதான்.

5. நான் எங்கே இருக்கிறேன்?

இலக்குக்குப் போக, தான் இருக்கும் இடம் தெரிய வேண்டும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி இடத்தைக் கணக்கிடுவதுதான் ஓடோமெட்ரி. 65 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 204 மி.மீ. மஞ்சள் மோட்டாரோடு வரும் 20 துளைத் தட்டு வைத்தால் ஒரு துளைக்கு ஏறக்குறைய 1 செ.மீ.

தூரத்துக்கு அது போதும். திசைக்குப் போதாது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 15 செ.மீ. இருந்தால், ஒரே ஒரு துளை வித்தியாசம் 4 டிகிரி திருப்பமாகிவிடும். 4 டிகிரி கோணல் என்றால் 3 மீட்டர் போவதற்குள் 21 செ.மீ. பக்கவாட்டில் விலகல், ரோபோவின் முழு அகலம் அளவுக்கு. அதனால்தான் மோட்டார் தண்டிலேயே என்கோடர் இருக்கும் வகையை வாங்கச் சொன்னேன். கியருக்கு முன்னால் எண்ணுவதால் ஒரு சக்கரச் சுற்றுக்கு நூற்றுக்கணக்கில் துடிப்புகள் கிடைக்கும். எம்.பி.யூ.6050 போன்ற, திரும்பும் வேகத்தை அளக்கும் ஒரு ஜைரோவையும் சேர்த்தால் திருப்பத்தை இன்னும் நம்பலாம்.

சரிபார்க்க ஒரு சோதனை. தரையில் 2 மீட்டர் சதுரத்தில் ரோபோவை ஓடவிட்டு, தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளங்கள். அதையே எதிர்ச் சுற்றிலும் செய்யுங்கள். இரு சக்கர விட்டங்களில் உள்ள சின்ன வித்தியாசமும் சக்கர இடைவெளியை நாம் அளந்ததில் உள்ள பிழையும் ஒரு சுற்றில் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும், எதிர்ச் சுற்றில் கூடி வெளியே வந்துவிடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் போரன்ஸ்டைன், ஃபெங் இருவரும் 1990-களில் இதை ஒரு முறையான சோதனையாகவே வகுத்தார்கள்.

6. சுவரை ஒட்டிப் போதல்

பக்கவாட்டில் இரண்டு சென்சார், ஒன்று முன், ஒன்று பின். இரண்டும் ஒரே எண் காட்டினால் சுவருக்கு இணையாகப் போகிறோம். வித்தியாசம் வந்தால் அந்த அளவுக்குத் திருப்பு. சுவர் திடீரென்று முடிந்துவிட்டால் அந்தப் பக்கமாகவே மெல்ல வளைந்து போ, மறுபடி சுவர் கிடைக்கும். இதை ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம்.

7. பூச்சி போல இலக்குக்குப் போதல்

இந்த இடத்தில்தான் மனம் லயிக்கும். 1987-இல் லுமெல்ஸ்கி, ஸ்டெபானோவ் என்ற இருவர் ஒரு கேள்விக்கு விடை வெளியிட்டார்கள். வரைபடம் இல்லாத, தொட்டால் மட்டுமே தடையை அறியும் ஒரு ரோபோ, தன் இடமும் இலக்கின் இடமும் மட்டும் தெரிந்தால், எந்த வடிவத் தடைகளுக்கு நடுவிலும் கட்டாயம் இலக்கை அடையுமா? அடையும், வழி இருந்தால் அடையும், இல்லாவிட்டால் இல்லை என்று கண்டுபிடித்துச் சொல்லும். பக் (ஆங்கிலத்தில் பூச்சி) என்று பெயர் பெற்ற அந்த முறைகளில் இரண்டாவது இப்படிப் போகும்.

கிளம்பும் இடத்திலிருந்து இலக்குக்கு மனதில் ஒரு நேர்கோடு போடு. அந்தக் கோட்டில் போ. தடை வந்தால், அப்போது இலக்கு எவ்வளவு தூரம் என்று குறித்துவைத்துக்கொள். தடையை ஒட்டிச் சுற்று. மறுபடி அந்தக் கோட்டைத் தொடும்போது, குறித்துவைத்ததைவிட இலக்குக்கு அருகில் இருந்தால், தடையை விட்டுவிட்டுக் கோட்டில் போ. அருகில் இல்லையா, சுற்றிக்கொண்டே இரு. புறப்பட்ட அதே முட்டிய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டால் வழி கிடையாது.

கண்மாய்க்கரையில் சுற்றிப் போகும்போது எதிர்க்கரைக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பது போலத்தான் இது. "இலக்குக்கு அருகில் இருந்தால்" என்ற நிபந்தனையில்தான் உயிர் இருக்கிறது. பலர் அதை விட்டுவிட்டுக் கோட்டைத் தொட்டாலே போதும் என்று எழுதுகிறார்கள். சோபாவும் டீப்பாயும் சேர்ந்து "ப" வடிவில் நிற்கும்போது அந்த ரோபோ பொறிக்குள் போய், வெளியே வந்து, கோட்டைத் தொட்டு, மறுபடி உள்ளே போய் விடியும்வரை சுற்றும். நிபந்தனை இருந்தால் வெளியே வந்து கோட்டைத் தொடும்போது, "இது முட்டிய இடத்தைவிடத் தூரம்" என்று தெரிந்துகொண்டு சோபாவின் முதுகுப் பக்கமாகத் தொடர்ந்து போகும்.

தாளில் உள்ள ரோபோவுக்குத் தன் இடம் துல்லியமாகத் தெரியும். நம்முடையதற்குத் தெரியாது. அதனால் "அதே இடம்" என்பதை 15 செ.மீ. சுற்றுக்குள் என்றும், "அருகில்" என்பதைக் குறைந்தது 20 செ.மீ. அருகில் என்றும் எழுதுங்கள். இந்த இரண்டு எண்ணையும் உங்கள் சதுரச் சோதனையின் பிழையைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பக் தரும் வழி குறுகிய வழியாக இருக்காது. ஆனால் மாட்டிக்கொள்ளாது. இதற்கு நேர் எதிரானது உஸாமா காதிப் 1980-களில் கொண்டுவந்த விசைப்புல முறை. இலக்கு இழுக்கும், தடைகள் தள்ளும், இரண்டையும் கூட்டினால் திசை. பாதை வழவழவென்று வரும், பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். அதே "ப" வடிவச் சோபாவுக்குள் இழுப்பும் தள்ளலும் சமமாகும் ஓர் இடத்தில் ரோபோ நின்று நடுங்கிக்கொண்டே இருக்கும். தொடங்குகிறவர்களுக்கு நான் பக்கைத்தான் சொல்வேன்.

8. இடைவெளியைத் தேர்ந்தெடுத்தல்

லைடார் இருந்தால் தடையைத் தொடும்வரை காத்திருக்க வேண்டாம். போரன்ஸ்டைனும் கோரனும் 1991-இல் வெளியிட்ட வி.எஃப்.ஹெச். (வெக்டர் ஃபீல்டு ஹிஸ்டோகிராம்) முறையின் கருத்து இது: சுற்றியுள்ள 360 டிகிரியை 5 டிகிரி வீதம் 72 துண்டாக்கு. ஒவ்வொரு துண்டிலும் தடை எவ்வளவு நெருக்கம் என்று பார். திறந்திருக்கும் துண்டுகளில் இலக்குக்கு அருகில் உள்ளதைத் தேர்ந்தெடு.

ஒன்றை மறக்கக் கூடாது. லைடாருக்கு நாற்காலிக் கால் ஒரு புள்ளி. புள்ளியின் பக்கத்தில் போனால் ரோபோவின் தோள் இடிக்கும். ஆகவே தடையை ரோபோவின் அளவுக்கு ஊத வைத்து, ரோபோவைப் புள்ளியாக எடுத்துக்கொள்ள வேண்டும். வட்ட உடல் இங்கேதான் கைகொடுக்கிறது. ஆரம் 10, பாதுகாப்புக்கு 3, மொத்தம் 13 செ.மீ. நாற்காலிக் கால் 50 செ.மீ.யில் இருந்தால் 13-ஐ 50-ஆல் வகுத்துத் தலைகீழ் சைன் எடுங்கள், 15 டிகிரி வரும். காலின் இரு பக்கமும் மூன்று மூன்று துண்டுகளை மூடிவிட வேண்டும். இரண்டு கால்களுக்கு நடுவே 26 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால் இடைவெளி தானாகவே மூடிக்கொள்ளும். அதிகம் இருந்தால் ரோபோ நாற்காலிக்கு அடியில் புகுந்து போகும். முதல்முறை அதைப் பார்க்கும்போது வீட்டில் எல்லோரும் கை தட்டுவார்கள்.

வேகமாக ஓடும் ரோபோவுக்கு, அடுத்த கணத்தில் மோட்டார் எந்தெந்த வேகத்தை எட்ட முடியும் என்பதையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை இருக்கிறது. ஃபாக்ஸ், பர்கார்ட், த்ருன் மூவரும் 1997-இல் வெளியிட்டது. அவர்களுடைய ரைனோ ரோபோ அதே ஆண்டு ஜெர்மனியின் பான் நகரத்து டாய்ச்சஸ் மியூசியத்தில் கூட்டத்துக்கு நடுவே பார்வையாளர்களுக்கு வழிகாட்டியது.

9. போகப் போக வரைபடம்

மேலே சொன்னவற்றில் ரோபோ பார்த்ததை உடனே மறந்துவிடுகிறது. நினைவு வேண்டுமென்றால் தரையைக் கட்டங்களாகப் பிரியுங்கள். 1985-இல் மொராவெக், எல்ஃபஸ் இருவரும் அல்ட்ராசோனிக் சென்சாரை வைத்தே இதைச் செய்து காட்டினார்கள். ஒவ்வொரு கட்டமும் 0-வில், அதாவது "தெரியாது" என்று தொடங்கும். எதிரொலி வந்த கட்டத்துக்கு எண்ணைக் கூட்டு, ஒலியோ ஒளியோ தடையின்றிக் கடந்த கட்டங்களுக்குக் குறை. ஓர் உச்சவரம்பு வையுங்கள், இல்லாவிட்டால் நகர்ந்துபோன நாற்காலி வரைபடத்தை விட்டுப் போகவே போகாது.

5 மீட்டர் சதுர அறைக்கு 5 செ.மீ. கட்டங்கள் என்றால் 10,000. ஒன்றுக்கு ஒரு பைட் வைத்தால் 10 கிலோபைட். பலர் வைத்திருக்கும் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டில் ராம் நினைவகம் மொத்தமே 2 கிலோபைட்தான். ஈ.எஸ்.பி.32-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு இது இன்னொரு காரணம்.

வரைபடம் கிடைத்ததும் அதில் குறுகிய வழி தேட ஏ-ஸ்டார் முறை. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஷேக்கி என்ற ரோபோவைச் செய்தபோது பிறந்து, 1968-இல் வெளியானது. தெரியாத கட்டங்களைத் திறந்தவை என்று எடுத்துக்கொண்டு வழி போடுங்கள், புதுத் தடை தெரிந்தால் மறுபடி போடுங்கள். 8-ஆம் படியின் விலகலை அணைத்துவிடக் கூடாது. வரைபடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் குறுக்கே வரும் குழந்தை அதில் இருக்காது.

இவ்வளவும் கையால் செய்த பிறகு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி, ஆர்.ஓ.எஸ். 2 என்ற ரோபோ மென்பொருள் தொகுப்பு, அதோடு ஓடும் ஸ்லாம் டூல்பாக்ஸ் (வரைபடம் போடுவது), நாவ்2 (வழி நடத்துவது) பக்கம் போங்கள். அங்கே நிரப்பச் சொல்லும் நூற்றுக்கணக்கான எண்களில் எது ஊதும் ஆரம், எது நிற்கும் தூரம் என்று பார்த்ததும் பிடிபடும். சிமுலேட்டருக்கு வெபாட்ஸ், கசீபோ இரண்டும் இலவசம். அதில் உள்ள சென்சாருக்கு உங்கள் அட்டவணையில் கண்ட தடுமாற்றத்தையும் சேர்த்துவிட்டு ஓட்டுங்கள்.

10. சோதனை

வீட்டில் வேறு ஒருவரை விட்டுக் கூடத்தை மாற்றி அடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்காதீர்கள். ரோபோவை வாசலில் வைத்து, இலக்கைக் கொடுத்து, பத்து முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரம், எத்தனை முறை முட்டியது, எதில் முட்டியது என்று எழுதுங்கள். சென்சார் எண்களையும் எல்.இ.டி. நிலையையும் ஒரு மெமரி கார்டில் பதிவு செய்யுங்கள். ஒரே பொருளில் மூன்று முறை முட்டினால் நிரலைத் திறக்க வேண்டாம். அந்தப் பொருளை டேப் ஒட்டிய தரைக்குக் கொண்டுபோய், சென்சாருக்கு முன்னால் வைத்து 20 முறை அளந்து, நோட்டில் அதற்கு ஒரு வரி சேருங்கள்.